புகைக்கரி எங்கே போகிறது? ஊவாவின் மழையும் லயத்து அடுப்பங்கரையும்

ஊவாவில் யாரிடம் புகையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒரு மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்." பதுளை பஸார் வீதியில் கடை வைத்திருக்கும் நானாவும் இதையே சொல்வார், பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அக்காவும் இதையே சொல்வார். பல வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்ற வகையில் இந்தப் பதிலை நான் தள்ளிவிடுவதில்லை. பெரும்பாலும் அது உண்மை. காற்றில் கலந்த கரியை வெளியே எடுக்க அல்லாஹ் வைத்திருக்கும் மிகப் பெரிய வழி மழைதான். ஆனால் அந்த வழி எப்படி வேலை செய்கிறது, எந்த மாதங்களில் வேலை செய்யாது, எந்த இடத்தை அது எட்டுவதே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், நமது பகுதியில் தினமும் கண் முன்னே இருக்கும் ஒரு அநியாயம் தெளிவாகத் தெரியும்.

முதலில் புகைக்கரி என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். விறகோ டீசலோ மண்ணெண்ணெயோ முழுமையாக எரிந்தால் அதிலுள்ள காபன் காபனீரொட்சைட்டாக மாறிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். காற்று போதாமல், சூடு போதாமல் அரைகுறையாக எரியும்போது காபனின் ஒரு பகுதி சிறு சிறு மணிகளாகத் திரண்டு, அந்த மணிகள் சங்கிலி போல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சட்டியின் அடியில் படிவதும், குப்பி லாம்பின் மேல் சுவரில் கறுப்பாகப் படர்வதும் அதுதான். காற்றில் மிதக்கும் அந்தச் சங்கிலித் துணிக்கை ஒன்றின் அளவு பெரும்பாலும் ஒரு மைக்ரோமீற்றரில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்று பங்கு வரை இருக்கும். மைக்ரோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நமது தலைமுடி ஒன்றின் தடிப்புக்குள் இந்தத் துணிக்கைகளில் சுமார் 300ஐ வரிசையாக அடுக்கலாம்.

இதன் பிடிவாதம் என்னவென்றால், காற்றிலுள்ள எதுவும் இதை உடைத்து இல்லாமலாக்குவதில்லை. காபனீரொட்சைட்டை மரஞ்செடிகள் எடுத்துக்கொள்கின்றன. வேறு பல வாயுக்களைச் சூரிய ஒளி சிதைத்துவிடுகிறது. புகைக்கரி அப்படியல்ல. அது எங்காவது போய் ஒட்ட வேண்டும், அல்லது மழையோடு கீழே இறங்க வேண்டும். இந்த இரண்டையும் தவிர அதற்கு வேறு வெளிவாசல் கிடையாது.

பாரமான பொருள் தானாகக் கீழே விழுந்துவிடாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். விழும், ஆனால் எவ்வளவு வேகத்தில் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும். லொறி போகும்போது கிளம்பும் பாதைத் தூசு பெரியது, சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதே காற்றில் ஒரு மைக்ரோமீற்றரின் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள கரித்துணிக்கை அசையாத காற்றில் ஒரு நாள் முழுவதும் இறங்கும் தூரம் சுமார் 20 சென்டிமீற்றர். அதாவது ஒரு நாளைக்கு ஒரு சாண் கூட இல்லை. பத்தடி உயரக் கூரையிலிருந்து தரைக்கு வர இரண்டு கிழமை. 100 மீற்றர் உயரத்திலிருந்து என்றால் ஒரு வருடத்துக்கு மேல். காற்று ஒருபோதும் அசையாமல் இருப்பதில்லை என்பதால், நடைமுறையில் புவியீர்ப்பு இதைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கம், மிக மிகச் சிறிய துணிக்கைகள் காற்று மூலக்கூறுகளால் அங்குமிங்கும் இடிபட்டு, சுவரிலோ இலையிலோ ஒன்றோடொன்றோ மோதி விரைவில் ஒட்டிக்கொள்கின்றன. பெரியவை விழுந்துவிடுகின்றன, மிகச் சிறியவை ஒட்டிவிடுகின்றன. நடுவில் இருப்பவைதான் தப்பிக்கின்றன. எஸ். எம். கிரீன்ஃபீல்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1957இல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் பார்த்தது விறகுப் புகையை அல்ல. அணுகுண்டுப் பரிசோதனைகள் நடந்துகொண்டிருந்த காலம் அது. காற்றில் கலந்த கதிரியக்கத் தூசை மழை எவ்வளவு கழுவும் என்பதே அவரது கேள்வி. விழும் மழைத்துளிகளால் பிடிக்க முடியாத ஒரு நடு அளவு இருக்கிறது என்று கண்டார். அந்த இடைவெளிக்கு இன்றும் அவருடைய பெயர்தான். நமது அடுப்புக் கரி பெருமளவு அந்த இடைவெளிக்குள்ளேயே விழுகிறது.

மழைத்துளியால் ஏன் பிடிக்க முடியாது? இரண்டு மில்லிமீற்றர் அளவுள்ள ஒரு துளி செக்கனுக்கு 6 மீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்குகிறது. அது தனக்கு முன்னாலுள்ள காற்றை இரு பக்கமும் விலக்கிக்கொண்டே வருகிறது. கரித்துணிக்கை அவ்வளவு இலேசானது என்பதால் விலகும் காற்றோடு அதுவும் விலகிவிடுகிறது. வேகமாகப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் பறந்து வரும் பஞ்சு கண்ணாடியில் மோதாமல் மேலே எழும்பித் தப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான். பெருமழை பெய்து முடிந்தவுடன் நமுனுகுலை மலை பளிச்சென்று தெரிவதற்குப் பாதைத் தூசும் பூந்துகளும் போன்ற பெரியவை கழுவப்பட்டதும், காற்று மாறியதும் முக்கிய காரணங்கள். நுண்ணிய கரியில் ஒரு பகுதி அந்த மழைக்குப் பிறகும் அங்கேயே இருக்கும்.

அப்படியென்றால் மழை எப்படிக் கரியை எடுக்கிறது? மேகத்துக்குள் வைத்து எடுக்கிறது. இந்த இடம்தான் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். வெறும் நீராவி தானாகத் துளியாகாது, அது ஒட்டிக்கொள்ள ஒரு பொடி வேண்டும். கடல் உப்பு, தூசு, கந்தக உப்புகள் எல்லாம் அந்தப் பொடியாக இருக்கும். கரியும் இருக்கலாம், ஆனால் உடனே அல்ல. அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த கரி எண்ணெய் தடவிய சட்டி போன்றது, தண்ணீர் அதில் ஒட்டாது. சில மணித்தியாலங்கள் முதல் ஓரிரு நாட்கள் வரை காற்றில் அலைந்த பிறகு, கந்தக அமிலமும் மற்றப் பொருட்களும் அதன் மேல் ஒரு பூச்சாகப் படிகின்றன. அதன் பிறகே தண்ணீர் அதை ஏற்றுக்கொள்கிறது. அந்தத் துணிக்கை மேகத்துக்குள் போனால் அதைச் சுற்றி ஒரு மேகத்துளி திரளும். அப்படிப்பட்ட சுமார் பத்து இலட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அந்த மழைத்துளி கீழே விழும்போது கரி அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

காற்றிலிருந்து நீங்கும் கரியில் மிகப் பெரும்பகுதி இந்த வழியில்தான் நீங்குகிறது. மீதி இலை, புல், சுவர், கூரை, பாறை என்று கிடைத்ததில் ஒட்டிக்கொள்கிறது. ஹப்புத்தளையில் காலையில் தேயிலை மலையைத் தடவிக்கொண்டு போகும் பனிமூட்டமும் ஒரு மேகம்தான், அதன் துளிகளும் இலைகளில் படியும்போது கரியை இறக்கிவிடுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், கரித்துணிக்கை ஒன்று காற்றில் தங்கும் காலம் உலக அளவில் சராசரியாக ஒரு கிழமை அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. 2013இல் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து வெளியிட்ட பெரிய மதிப்பீடு ஒன்று, 2000ஆம் ஆண்டில் உலகம் காற்றில் விட்ட கரியைச் சுமார் 75 இலட்சம் தொன் என்று கணித்தது. அவ்வளவும் கிழமைக்குக் கிழமை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. கிழமைக்குக் கிழமை நாம் திரும்பவும் நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒரு கிழமை என்பது உலகச் சராசரி. ஊவாவுக்கு அது மாதத்துக்கு மாதம் மாறும்.

ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நமக்கு மழைக்காலம். முதலில் மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு வரும் மழை, அதன் பிறகு வடகீழ்ப் பருவக்காற்று. இந்தக் காற்று வெறும் கையோடு வருவதில்லை. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில் எரியும் வைக்கோல், அடுப்பு, வாகனம், செங்கற்சூளை எல்லாவற்றின் புகையும் வங்காள விரிகுடாவுக்கு மேல் இறங்குகிறது. தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வீ. ராமநாதன் முன்னின்று நடத்திய இந்து சமுத்திர ஆய்வு 1999இன் முதல் மாதங்களில் இதைத்தான் பார்த்தது. மாலைதீவின் காஷிதூ தீவில் ஒரு நிலையம், கடலில் கப்பல்கள், வானில் விமானங்கள். எந்தத் தொழிற்சாலையும் இல்லாத கடலுக்கு மேல் பல கிலோமீற்றர் தடிப்பில் ஒரு பழுப்பு நிறப் புகைப் போர்வை விரிந்திருந்தது. மழையில்லாத கடற்பகுதியில் அதைக் கழுவ எதுவும் இல்லை.

2022 டிசம்பரில் இது நம் வாசலுக்கே வந்தது. மாண்டோஸ் சூறாவளி வங்காள விரிகுடாவில் நின்றிருந்த நாட்களில் வடக்கிலிருந்து வந்த காற்று இந்தியாவின் அழுக்கை இலங்கைக்குள் இழுத்துவிட்டது. டிசம்பர் 9ஆம் திகதி நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டன. முகக்கவசத்தை அப்போதுதான் கழற்றி வைத்திருந்த பிள்ளைகள் திரும்பவும் அணிய வேண்டியிருந்தது.

இருந்தாலும் இந்தப் பருவத்தில் ஊவாவுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கடலைக் கடந்து வரும் ஈரக்காற்று லுணுகலை, மடுல்சீமை, பசறை மலைகளில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. வழியில் பல நாட்கள் அலைந்த கரிக்கு அதற்குள் பூச்சு ஏறியிருக்கும், தண்ணீரை ஏற்கத் தயாராக இருக்கும். ஆகவே மேகத்துக்குள் புகுந்து நமது மலைச்சரிவிலேயே மழையாக விழுந்துவிடுகிறது. மலையைத் தாண்டி மேற்கே இறங்கும் காற்றுக்கு அவ்வளவு மழை மிஞ்சுவதில்லை. அதனால்தான் ஜனவரி மாதத்தில் கொழும்பின் வானம் மங்கலாகக் கிடக்கும்போது நமக்கு அந்தக் கவலை குறைவாக இருக்கிறது. ஊவாவின் கிழக்குச் சரிவு அந்த மாதங்களில் பெரியதொரு சலவைக்கல்.

இந்த மழையைப் பற்றி எழுதும்போது அதை வெறும் நல்லது என்று எழுத என்னால் முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது இதே பருவமழையில்தான். காற்றைக் கழுவும் மழையே மலையை இறக்கியும் விடும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புத்தகத்தில் படித்த விஷயமல்ல.

மே மாதம் வந்தால் படம் தலைகீழாகிறது. தென்மேல் பருவக்காற்று மேற்குப் பக்கத்தில் தன் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் காய்ந்து இறங்குகிறது. கிழக்கிலுள்ள நமது சகோதரர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. கல்முனையிலும் காத்தான்குடியிலும் முகத்தில் அனலாய் அடிக்கும் அதே கச்சான் காற்றுதான். ஜூன், ஜூலையில் பதுளைக்குக் கிடைக்கும் மழை டிசம்பர் மழையில் ஒரு சிறு பங்கு. இந்தக் காய்ச்சல் காற்றுதான் ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது, ஏலத்தில் விலையை ஏற்றுகிறது. அதே மாதங்களில்தான் பத்தனைப் புல்வெளிகள் எரிகின்றன. எல்ல, ஹல்துமுல்லை, பண்டாரவளைப் பக்கத்து மலைகளில் இரவில் நெருப்பு மாலை போல் ஏறுவதை நாம் ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம். வேட்டைக்கும் மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கவும் வைப்பது, சும்மா கொளுத்திப் பார்ப்பது எல்லாம் உண்டு. கரி மிக அதிகமாகக் கிளம்பும் பருவமும் அதை எடுக்கும் மேகம் இல்லாத பருவமும் ஒன்றாகிவிடுகின்றன.

பதுளை நகரத்துக்கு இதிலே இன்னொரு கஷ்டம் உண்டு. நகரம் மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள், சுமார் 680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தெளிந்த வானமுள்ள இரவில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று வழிந்து வந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும், அதற்கு மேல் சூடான காற்று ஒரு மூடி போல் இருக்கும். சுபஹ் தொழுது வெளியே வரும் நேரத்தில் வீட்டுப் புகைகள் மேலே போகாமல் ஒரு மட்டத்தில் படுத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறி மூடி திறக்கும் வரை அங்கேயே நிற்கும். கோடையில் மழை தேடித் தொழும்போது கிணற்றையும் வயலையும் நினைத்தே கேட்கிறோம். இந்தக் கரியையும் நினைத்துக் கேட்கலாம்.

இவ்வளவும் கூரைக்கு வெளியே. இனி உள்ளே வருவோம்.

லயக் காம்பரா ஒன்றின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு அடுப்பங்கரை, பல இடங்களில் இஸ்தோப்பையே மறைத்து அடுப்பு வைத்திருப்பார்கள். புகைபோக்கி இல்லாதவை ஏராளம். விறகு என்பது பெரும்பாலும் கவ்வாத்து வெட்டிய மிலாறு. மழைக்காலத்தில் அது ஈரமாக இருக்கும், ஈர விறகுக்குச் சூடு ஏறாது, சூடு ஏறாத நெருப்புத்தான் அதிகமாகப் புகையும். ஆக, வெளியே மழை கரியைக் கழுவிக்கொண்டிருக்கும் அதே நாட்களில் உள்ளே கரி கூடுகிறது. குளிருக்குப் பயந்து கதவையும் அடைத்துவிடுகிறார்கள்.

அந்த அறைக்குள் மேகம் இல்லை, மழை இல்லை, காற்றோட்டமும் இல்லை. கரிக்குப் பூச்சு ஏறுவதற்குத் தேவையான நேரமும் இல்லை. மேலே சொன்ன இரண்டு வெளிவாசல்களில் ஒன்று முழுமையாக மூடப்பட்டுவிட்டது. மற்றது ஒட்டுவது. எதில் ஒட்டும்? தகரத்தில், சுவரில், கயிற்றில் தொங்கும் உடுப்பில், பிள்ளையின் பாடசாலைப் புத்தகத்தில். அங்கே மூச்சு விட்டுக்கொண்டிருப்பவரின் சுவாசப்பையிலும்தான். வளர்ந்த ஒருவரின் சுவாசப்பையின் உட்பரப்பை விரித்தால் சுமார் 70 சதுர மீற்றர் வரும். அந்த லயக் காம்பராவின் தரையைப் போல ஆறு மடங்கு. அறைக்குள் கரிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய ஒட்டும் பரப்புகளில் ஒன்று சமைக்கும் தாயின் நெஞ்சுக்குள்ளே இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். மழைத்துளியிடமிருந்து தப்பும் அதே நடு அளவு, சுவாசப்பையிடமிருந்தும் ஓரளவு தப்புகிறது. உள்ளே போகும் கரித்துணிக்கைகளில் பெரும்பகுதி அடுத்த மூச்சோடு வெளியே வந்துவிடும். ஆனால் தங்கும் பகுதி மிக ஆழத்தில், மூக்கு மயிரும் சளியும் எட்டாத இடத்தில் தங்குகிறது. காலை பெரட்டுக்கு முன் ஒரு தடவை, அந்தியில் ஒரு தடவை என்று தினமும் சில மணித்தியாலம், பதினைந்து வயதிலிருந்து அறுபது வயது வரை கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுப் புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாதம், நாட்பட்ட சுவாச நோய், பிள்ளைகளின் நிமோனியா என்று அவர்களது மரணச் சான்றிதழில் வேறு பெயர்களே எழுதப்பட்டிருக்கும்.

இது தோட்டத்துக்கு மட்டுமான கதை என்று எண்ண வேண்டாம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. குருத்தலாவையிலும் சில்மியாபுரவிலும் நமது வீடுகளில் காஸ் அடுப்பு வந்த பிறகும் பின்பக்கத்து விறகடுப்பு அணையவில்லை. 2022 நெருக்கடியில் 12.5 கிலோ சிலிண்டர் 5,000 ரூபாவை நெருங்கியபோது நகரத்து வீடுகளும் விறகுக்குத் திரும்பின. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. குப்பி லாம்பு குறைந்ததைப் பற்றி மட்டும் நான் வருத்தப்படமாட்டேன். திரி லாம்பு எரிக்கும் எண்ணெயில் 7 முதல் 9 வீதம் வரை அப்படியே கரியாக வெளியேறுகிறது என்று அளந்திருக்கிறார்கள். விறகடுப்பில் கூட இந்தப் பங்கு இவ்வளவு கிடையாது. பிள்ளை படிப்பதோ அதன் ஒரு அடி தூரத்தில்.

எனக்கு எப்போதும் உறுத்தும் ஒரு ஒப்பீட்டைச் சொல்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையும் விறகில்தான் ஓடுகிறது. உலையில் விறகு எரிகிறது, அந்தச் சூட்டில் கொழுந்து காய்கிறது. ஆனால் அந்தப் புகையில் ஒரு மூச்சுக்கூடத் தேயிலை மேல் படவிடமாட்டார்கள். புகை இரும்புக் குழாய்களுக்குள் போய்ச் சிமினி வழியே வெளியேறும். குழாய்களுக்கு வெளியே சூடாகும் சுத்தமான காற்று மட்டுமே தேயிலைக்குள் செலுத்தப்படும். காரணம் எளிது. தேயிலை வாசனையை இழுத்துக்கொள்ளும், புகை நாற்றம் ஏறினால் சுவைத்துப் பார்ப்பவர் ஒதுக்கிவிடுவார், ஏலத்தில் விலை போகாது. இதற்கான இயந்திரம் நூறு வருடங்களுக்கு மேலாகவே இருக்கிறது. கொழுந்தைப் புகையிலிருந்து காப்பாற்றும் முறை தொழிற்சாலையில் இருக்க, அதைப் பறித்தவளின் அடுப்புக்கு மேல் நான்கு அங்குலக் குழாய் ஒன்று இல்லை. நான் இதைச் சொன்னபோது ஒரு தோட்டத்து அம்மா சிரித்துவிட்டார். "தேத்தூளுக்கு வெல இருக்கு, மாஸ்டர்," என்றார்.

புகைபோக்கி கரியை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. அது உண்மை. ஆனால் எங்கிருந்து எங்கே என்பதுதான் முக்கியம். மழை எட்டாத இடத்திலிருந்து மழை எட்டும் இடத்துக்கு மாற்றுகிறது. வெளியே போன கரி ஆயிரம் மடங்கு காற்றில் கலந்து, சில நாளில் மேகத்தைச் சந்தித்து இறங்கிவிடும். உள்ளே தங்கிய கரிக்கு அந்தச் சந்திப்பே கிடையாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2008இல் வர்த்தமானியில் வந்த நமது காற்றுத் தர அளவுகள் வெளிக்காற்றுக்கானவை. நுண்துணிக்கைக்கு வருடச் சராசரியாகக் கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம் என்கிறது அது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் தன் அளவை 5ஆக இறக்கியது. இரண்டில் எதுவானாலும், லயத்து அடுப்பங்கரைக்குள் கருவி வைத்து அளந்து வழக்குப் போட யாரும் வரப்போவதில்லை.

நமது சமூகத்தின் கையிலும் இதில் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. மலையக நகரங்களில் பேக்கரி நடத்துபவர்களில் நம்மவர் அதிகம். விறகுப் போறணை இரவிரவாக எரிகிறது, அதன் முன் நிற்கும் பையன் நம் வீட்டுப் பிள்ளை. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் லுஹரிலிருந்து அஸர் வரை பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுகிறோம். தகரக் கொட்டிலுக்குள் நோன்பு வாயோடு மூன்று மணித்தியாலம் அகப்பை போடுபவரின் கண்ணைப் பாருங்கள். பள்ளிக்கு ஓடு மாற்ற, கம்பளம் வாங்க, ஒலிபெருக்கி வாங்கப் பணம் சேர்க்கும் ஊர், அந்தக் கொட்டிலுக்கு ஒரு குழாய் வைக்கச் சேர்க்கக்கூடாதா? கடை மூடும் நேரத்தில் பிளாஸ்டிக்கையும் பெட்டியையும் வாசலில் குவித்துக் கொளுத்தும் பழக்கத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

புகைக்கரியிடம் ஒரேயொரு நல்ல குணம் இருக்கிறது. அது பழைய கணக்கை வைத்துக்கொள்வதில்லை. காபனீரொட்சைட்டில் நாம் இன்று விடுவதன் ஒரு பகுதி நமது பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் மேலே நிற்கும். கரியோ, விடுவதை நிறுத்தினால் சில நாட்களில், அதிகம் போனால் சில கிழமைகளில் போய்விடும். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரம் இந்தியப் பஞ்சாபின் ஜலந்தர் நகரத்து மக்கள் பல வருடங்களுக்குப் பிறகு வீட்டு மாடியிலிருந்து இமயமலைத் தொடரைக் கண்டார்கள். புதிதாக விடுவது நின்றது, பழையது இறங்கிவிட்டது, அவ்வளவுதான். ஒரு வீட்டின் அடுப்பங்கரைக்கும் இதே விதிதான். இன்று குழாய் வைத்தால் நாளைக் காலைக் காற்று வேறு.

என்ன செய்யலாம் என்பதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. மிலாறை வெட்டியவுடன் எரிக்காமல் கோடையிலேயே சேர்த்து, மழை படாமல் அடுக்கிக் காயவைப்பது முதல் வேலை. லயத்துக்குப் பொதுவாக ஒரு விறகுக் கொட்டில் போட்டுக் கொடுப்பது தோட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவல்ல. 'அனகி' என்ற மண்ணடுப்பு பல வருடங்களாக நமது நாட்டில் செய்யப்படுகிறது, இரண்டு சட்டி வைக்கலாம், விறகைக் கணிசமாக மிச்சப்படுத்தும். ஆனால் விறகு குறைந்தாலும் புகை முற்றாக நிற்காது. அதனால் அனகியை வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகும் அமைப்புகள் அதற்கு மேல் ஒரு கூம்பும் குழாயும் சேர்த்துக் கொடுத்தால்தான் வேலை முடியும். லயங்களுக்குப் பதிலாக எழும் புதிய தனி வீடுகளிலும் வரைபடத்திலேயே புகைபோக்கி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவி வாங்கும் விழாவில் யாரும் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. வீடு கட்டி முடிந்த பிறகு கூரையை ஓட்டை போட எந்தக் குடும்பமும் விரும்பாது, மழை ஒழுகும் என்ற பயம்.

குழாய் வைப்பவர்களுக்கு ஒரு சில விஷயம். அதன் வாய் கூரை முகட்டைவிட உயரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கச்சான் காலத்தில் காற்று புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். மேலே ஒரு சிறு தகரத் தொப்பி போட்டால் மழை இறங்காது. வளைவு குறைவாக, நேராகப் போகட்டும். கீழே அடுப்பைச் சுற்றிக் கூம்பு எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது, ஆனால் சட்டியைத் தூக்கி இறக்க இடம் வேண்டும். சமைப்பவரை நிற்க வைத்து, அவரது கை போகும் வழியைப் பார்த்தே உயரத்தைத் தீர்மானிக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவை நீண்ட கம்பில் சாக்குத்துணி கட்டி உள்ளே விட்டு இழுத்தால் கைநிறையக் கரி கொட்டும். பெண்கள் இதை வீண் வேலை என்று அலுத்துக்கொள்வார்கள். கொட்டிய கரியைக் காகிதத்தில் வைத்து அவர்களிடம் காட்டுங்கள்.